பார்க்க: துர்நாற்றம்

பை வெளியே. பேனாவும் வெளியே.
பென்சிலுக்கு மட்டும் அனுமதி.
கோரிக்கைச் சீட்டு மூன்று படிகள்,
கார்பன் தாள் நம் செலவு.

ஃபோர்ட்டில், புறா எச்சம் வழியும் இந்தக் கட்டடத்தில்
பதினாறு வேலைநாளாக
ஒரு வேலைநிறுத்தத்தைத் தேடுகிறேன்.

தாராவித் தோல் கொட்டகைகளில்
1922இல் நடந்ததாம்.
யாரோ யாரிடமோ சொன்னதை
ஒரு சங்கத்தின் ஆண்டு மலரில்
இன்னொருவர் ஒற்றை வரியாக எழுதியிருக்கிறார்.
அடிக்குறிப்பு கிடையாது.
அந்த வரியின் மேல்தான்
என் மூன்றாம் அத்தியாயம்
காலை நீட்டிப் படுத்திருக்கிறது.

"மூல ஆதாரம்?"
நெறியாளரின் மின்னஞ்சலில் வேறொன்றும் இருப்பதில்லை.

அட்டவணையைப் புரட்டினேன்.
வேலைநிறுத்தம்: ஆலைகள், துறைமுகம், டிராம்.
தொழிலாளர் – பார்க்க: ஆலைகள்.
தாராவி – பார்க்க: மாஹிம்.
மாஹிம்: சாலை, சாக்கடை, இடுகாடு, தென்னை வரி.
தோல் – பார்க்க: துர்நாற்றம்.

சிரித்துவிட்டேன் போல.
எதிர் மேசையில் நிலப்பத்திரம் படிப்பவர்
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

முதல் சீட்டு திரும்பி வந்தது:
நொறுங்கும் நிலை, தர இயலாது.
இரண்டாவது: இடத்தில் இல்லை.
மூன்றாவதை உணவு இடைவேளைக்குப் பிறகு
தாமணஸ்கர் மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார்.
"இதுல மனுஷனே கிடையாது மேடம்,
வெறும் நாத்தம்தான்" என்றார் மராத்தியில்,
படித்துப் பார்த்தவர்போல.

ஒரு சுகாதார ஆய்வாளரின் நாட்குறிப்பு.
தினமும் காலை ஏழு மணிக்கு
மாஹிம் கடைத்தெரு முனையில் நின்று
மூச்சை இழுப்பது அவர் உத்தியோகம்.

காற்று கிழக்கு. சுண்ணாம்பு, பட்டை. கடுமை.
காற்று கிழக்கு. சுண்ணாம்பு, பட்டை. கடுமை. புகார் இரண்டு.
காற்று வடக்கு. மிதம்.

இப்படியே நாற்பது தாள்.
கொட்டாவி வந்தது.

பிப்ரவரி ஒன்பது:
காற்று கிழக்கு. நாற்றம் இல்லை.
பத்து: இல்லை.
பதினொன்று: இல்லை. எனக்கு ஜலதோஷமும் இல்லை.

பன்னிரண்டு:
காற்று கிழக்கு. வேறு வாடை.
சுண்ணாம்பு இல்லை. பட்டை இல்லை.
பச்சைத் தோல் அழுகுகிறது. காரணம் தெரியவில்லை.

பதின்மூன்றைப் பூச்சி தின்றிருந்தது. பதினான்கையும்.
பதினைந்தில் புகார் பத்தொன்பது,
கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலம்.

இருபது:
காற்று கிழக்கு. சுண்ணாம்பு, பட்டை. கடுமை.
அடியில், வேறு மையில், ஒரு சொல்:
நிம்மதி.

மின்விசிறி தாளைத் தூக்கிவிடாமல்
முழங்கையால் அழுத்திக்கொண்டே எண்ணினேன்.
பதினொரு நாள்.
தொட்டியில் யாரும் இறங்காத பதினொரு நாள்.
இவ்வளவு காலமும் நாற்றம் என்று அவர் எழுதிவந்தது
அழுகலை அழுகவிடாமல் பிடித்துவைத்தவர்களின் வாடை.
அவர்கள் கை எடுத்தபோதுதான்
ஊருக்கு உண்மையான நாற்றம் தெரிந்தது.

ஒரு பெயர் இல்லை.
கூலி எவ்வளவு கேட்டார்கள், கிடைத்ததா,
யார் முதலில் தொட்டியைவிட்டு ஏறியது,
எதுவும் இல்லை.

பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது.
ஐந்து மணிக்கு நாடா கட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஏழுக்கு
மாஹிமில் இறங்கி முனையில் நின்றேன்.
பேருந்துப் புகை, அத்தர், எங்கோ பாவ் வேகும் மணம்.
காற்று மேற்கு.
ஒன்றும் நிரூபணமாகவில்லை.
ஒரு பெண் நின்று வெறும் காற்றை மோந்துபார்ப்பதைப்
பழக்கடைக்காரன் மட்டும் கவனித்தான்.

"இதெல்லாம் ஆதாரமா?" என்கிறார் நெறியாளர்.
நியாயமான கேள்விதான்.

புதிய கார்பன் தாள் வாங்கியிருக்கிறேன்.
இன்றைய சீட்டு:
பாந்த்ரா கசாப்புக்கூடம், தோல் வண்டி வரவு செலவு,
1922 பிப்ரவரி, ஒன்பது முதல் பத்தொன்பது.

மாடுகளுக்காவது
யாராவது கணக்கு வைத்திருப்பார்கள்.